ஏழு பேரும் எட்டாவது பெயரும்

யோசனை முதலில் வந்தது திருச்சியில், தெப்பக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், நின்றுகொண்டே. ஓர் ஆங்கிலத் தோட்டக்கலைப் பத்திரிகையைப் புரட்டினேன். நடுவில் யாரோ செருகி வைத்திருந்த சின்னக் கையேடு கீழே விழுந்தது. அணுகுண்டு விழுந்தால் வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று பிரிட்டன் மக்களுக்குச் சொல்லும் கையேடு. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, அடியில் பதுங்க வேண்டுமாம். தண்ணீர், டின் உணவு, டின் திறப்பான், வாளி, ரேடியோ. இரண்டு வாரம். இடையில் யாராவது இறந்துவிட்டால் துணியில் சுற்றி, பெயர் எழுதிக் கட்டி, வேறு அறைக்கு நகர்த்திவிட வேண்டும்.

டின் திறப்பான் தொடங்கிப் பெயர்ச்சீட்டு வரை யோசித்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அந்தக் கதவுகளுக்கு அடியில் கிடப்பவர் ஆறாம் நாளும் கிடக்கச் சம்மதிக்க என்ன வேண்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. மனிதகுலம் பிழைத்திருக்க என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, மனிதனை விட்டுவிட்டார்களே!

"என்னம்மா, வாங்குறியா, இல்ல இங்கயே படிச்சு முடிச்சிடுவியா?" என்றார் கடைக்காரர்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஒரு வருடம் இதே பைத்தியம்தான். நூலகத்துக்கு வரும் வெளிநாட்டு அறிவியல் இதழ் ஒன்றில் நாலு வரி விளம்பரம் பார்த்தேன்: தென்லண்டனில் ஒரு சிறு ஆர்வலர் கூட்டம், அணுகுண்டுப் பயத்தில் கட்டிக் கைவிடப்பட்ட நிலவறை ஒன்றில் மூன்று நாள் அடைந்திருந்து பார்க்கப்போகிறது, ஆட்கள் தேவை. எழுதினேன். மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை கையால் பதில் எழுதியிருந்தார். "குண்டுக்குப் பயந்த காலம் போய்விட்டது. ஆனால் நாளைக்குச் செவ்வாயில் குடியேறுபவர்களும் ஓர் அறைக்குள்தானே அடைந்திருப்பார்கள்? வாருங்கள்." சோவியத் நாடே காணாமல் போய்விட்டிருந்தது. போனேன்.

லண்டனில் நான் தங்கியிருப்பது லூயிஷாமில், ஜெயந்தி அக்கா வீட்டில். திருச்சியில் எங்கள் தெருவில் குடியிருந்த யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு அவர் உறவு. அவரும் தம்பி ரவியும் மட்டும்தான் அந்த வீட்டில். ரவிக்கு என் வயது இருக்கும், பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. தெருவில் எல்லா வீடுகளும் ஒன்றின் தோளில் ஒன்று ஒட்டி நின்றன. ஒரு வீட்டிலிருந்தும் சத்தம் வரவில்லை. எங்கள் ஊரில் அவ்வளவு அமைதி இருந்தால் யார் போய்விட்டார்கள் என்று விசாரிப்போம்.

முதல் நாள் புட்டும் டின் மீன் குழம்பும். சொதி என்று மஞ்சளாக ஒன்றை ஊற்றினார். எங்கள் வீட்டுச் சாம்பாரைத் தலைமுழுகிவிடலாம் என்று தோன்றியது. மூன்றாவது அகப்பையில்தான் கவனித்தேன். அக்காவும் ரவியும் சாப்பிடவில்லை. இருவர் கண்ணும் கூடத்தில் இருந்த டெலிபோன் மேல் இருந்தது.

"பிள்ளை, ஒண்டு சொல்லோணும்," என்றார் அக்கா. "நீர் எவ்வளவு வேணுமெண்டாலும் சாப்பிடும், குளியும், படும். உந்த போனிலை மட்டும் ரெண்டு நிமிஷத்துக்கு மேலை கதைக்காதையும்."

விஷயம் இதுதான். அவர்களுடைய தங்கை கலா, பத்தொன்பது வயது, யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிவிட்டாள். அங்கே டெலிபோன் கிடையாது. இருட்டில் படகேறிக் கடலேரியைக் கடந்து, வவுனியா வந்து, அங்கே ஏதாவது கடையிலிருந்துதான் பேச முடியும். படகு கிளம்பும் நாளைச் சொல்லும் கடிதம் யார் கையிலோ மாறி மாறி வந்து சேர்ந்திருந்தது. அந்த நாள் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

"வந்திடுவாள்," என்றார் அக்கா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் நான் மார்கரெட் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெளிச்சம். ரவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நானும் வாறன்," என்றான்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய், போன் வந்தா?"

"நீங்கள் இருக்கிறியள்தானே அக்கா. என்னாலை உதுக்குப் பக்கத்திலை இருக்க ஏலாது. அது அடிக்காமல் இருக்கிற சத்தம் எனக்குக் கேக்குது."

மார்கரெட்டிடம் ஒரே ஒரு சலுகை கேட்டான். உள்ளே எந்தச் செய்தியும் வரக்கூடாது என்பது விதி. ஆனால் வீட்டிலிருந்து ஒரு நல்ல சேதி வந்தால், மேலே காவல் இருக்கும் மார்கரெட்டின் கணவர் இரும்புக் கதவை மூன்று முறை தட்ட வேண்டும். மார்கரெட் ஒப்புக்கொண்டார். என்ன சேதி என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கிளம்பினோம். சட்டனுக்கு முந்தைய ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ரவி முன்னால் இறங்கிவிட்டான். நான் என் பையை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனால், கதவுக்குக் கைப்பிடியே இல்லை! தடவிப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். மொத்தப் பெட்டியிலும் நான் ஒருத்திதான். ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரவி வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டே சின்னதாகிப் போனான். அடுத்த ஸ்டேஷனில் ஒரு கிழவர் வெளியிலிருந்து திறந்துவிட்டு, "முதல் தடவையா, கண்ணே?" என்றார். திரும்பி வந்ததும் ரவி சொன்னான், "உள்ளுக்குப் பிடி இல்லை சித்ரா. கண்ணாடியை இறக்கி, வெளியாலை கையை விட்டுத் திறக்கோணும்." சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. உள்ளே இருப்பவர் வெளியே கையை நீட்டித்தான் வெளியேற முடியும் என்று கதவு செய்த நாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம்.

நிலவறை ஒரு அலுவலகக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்தது. பச்சை இரும்புக் கதவு. கீழே செங்குத்தான படிகள். பழைய ரப்பரும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை. சுவரில் சுற்றுவட்டார வரைபடம். அதன் மேல் வட்டத்துக்குள் வட்டமாகச் சிவப்புக் கோடுகள். பக்கத்தில் ஒரு கரும்பலகை. எப்போதோ நடந்த ஒத்திகையின் சாக்கட்டி எழுத்து அழிக்கப்படாமல் இருந்தது: காயம்பட்டோர், காணாதோர், இறந்தோர். மூன்று பத்தியிலும் எண்கள். யாரும் சாகாத ஒரு நாளில், ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே எழுதிய எண்கள்.

படுக்கைகள் இரண்டடுக்கு. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பதவி ஒட்டியிருந்தது: எழுத்தர், பொறியாளர், வானொலி இயக்குநர். ரவி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் படித்தான்.

"பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை," என்றான்.

மொத்தம் ஏழு பேர். மார்கரெட், நான், ரவி, கென் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அப்புறம் மூன்று கல்லூரிப் பையன்கள். மூன்று தட்டு கேட்டால் யாருக்கோ நல்ல சேதி என்று மட்டும் மார்கரெட் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். கைக்கடிகாரங்களைக் கழற்றிக் கொடுத்தோம். கதவு மூடிக்கொண்டது. காற்றாடி ஓடும் உறுமல் மட்டும் இருந்தது.

ஒவ்வொரு தூக்கத்துக்கு முன்னும் ஒரு சீட்டில் எழுத வேண்டும்: இன்று எது இல்லாமல் கஷ்டப்பட்டாய்? பிஸ்கட் டப்பாவுக்குள் போட வேண்டும். முதல் தடவை மார்கரெட் உரக்கப் படித்தார். ஒரு ஜன்னல். நல்ல டீ. செய்தித்தாள். "என் நாய்" என்று கென். நான் 'வானம்' என்று எழுதி, ரொம்பக் கவித்துவமாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டேன். ஒரு சீட்டில் ஒன்றுமே இல்லை. அது ரவியுடையது என்று எனக்குத் தெரியும்.

சாப்பாடு டின் குழம்பு, கட்டி பிஸ்கட், பால்மாவு டீ. ஜெயந்தி அக்கா ஒரு ஜாம் போத்தலில் இடிசம்பல் கொடுத்தனுப்பியிருந்தார். செத்தல் மிளகாயும் தேங்காயும் வறுத்து இடித்தது. கென் அதைப் பிஸ்கட்டில் தடவி வாயில் போட்டுவிட்டுக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். "இது சாப்பாடா, ஆயுதமா?" என்றார். பிறகு போத்தலைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். அடுத்த வேளைக்கு அடி தெரிந்துவிட்டது.

தூங்கி எழுந்தோம். மறுபடி தூங்கி எழுந்தோம். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு பையன் படுக்கையிலிருந்து எழுந்து, "கதவு தட்டுறாங்க," என்றான். எல்லோரும் காதைத் தீட்டினோம். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கென் நிமிர்ந்தார். "இப்போ கேட்டது. இரண்டு தட்டு." போய்ப் பார்த்தார். குழாய்க்குள் தண்ணீர் அடித்திருக்கலாம். அதன் பிறகு எனக்குக் கேட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் மூன்று தட்டு என்று சத்தியம் செய்வேன். ரவி மட்டும் ஒரு முறையும் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன்.

"தட்டினா தெரியும்."

இரண்டாவது சீட்டுகளை மார்கரெட் உரக்கப் படிக்கவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து உள்ளேயே போட்டுவிட்டார். பின்னால் எனக்குக் காட்டினார். ஏழில் மூன்று சீட்டில் 'தட்டும் சத்தம்' என்று இருந்தது. என்ன சேதி, யாருக்கு என்றுகூடத் தெரியாத மூன்று பேர் எழுதியது.

அப்புறம் விளக்கு போனது.

இருட்டு வந்ததைவிடக் காற்றாடி நின்றதுதான் பயங்கரம். அவ்வளவு நேரம் அது ஓடுவதே மறந்துபோயிருந்தது. நின்றதும் காதுக்குள் யாரோ கையை வைத்து அமுக்கின மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மார்கரெட் டார்ச்சைத் தேடி எதையோ தள்ளிவிட்டார். கென் எங்கோ தலையை இடித்துக்கொண்டு திட்டினார். ஒரு பையன் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினான். எனக்குப் பக்கத்தில் ஒரு கை உரசியது. அது யாருடையது என்று இன்னும் தெரியாது.

"மார்கரெட்!" என்று ஒரு குரல். ரவியுடையது. சத்தமாக இல்லை. நிதானமாக.

"இங்கே."

"கென்!"

"இங்கே. மண்டை உடைந்து."

மூன்று பையன்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு பதில் வந்த பிறகுதான் அடுத்த பெயர். மூச்சு வாங்கிய பையன் தன் பெயரைக் கேட்டதும் மூச்சை அடக்கி, "இங்கே" என்றான். "சித்ரா!" என்றதும் நான் "இருக்கேன்" என்றேன். அறை அடங்கிவிட்டது. இருட்டில் யார் எந்த இடத்தில் என்று ஒரு படம் போட்ட மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது.

"ரவி. ஓம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு, அதே குரலில், அதே அளவில்:

"கலா!"

நிறுத்தினான். மற்றப் பெயர்களுக்கு விட்ட இடைவெளியைவிட நீளமாக நிறுத்தினான்.

இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் 'ப்ராக்ஸி' என்று ஒரு கலை உண்டு. சினிமாவுக்குப் போன தோழியின் பெயரை வாத்தியார் கூப்பிட்டால், குரலை மாற்றி நாம் "எஸ் சார்" சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு பருவம் முழுக்க ரேவதிக்காக நான் ஆஜரானேன். ஒரு பெயர் பதிலில்லாமல் நிற்பதை என்னால் தாங்க முடியாது. நாக்கு தானாக எழுந்துவிடும். எழுந்துவிட்டது. அதுவும், வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் 'ஆமாம்' என்பதற்குக் கேட்டுப் பழகிய வார்த்தையில்.

"ஓம்."

ரவியின் மூச்சு நின்றது கேட்டது.

"ஆர்?" என்றான். கேள்வி மாதிரியே இல்லை. "கலா? ஆர் அது?"

"இன்னொரு பெண் இருக்கிறாளா இங்கே?" என்றார் கென், ஆங்கிலத்தில். "யார் கலா? நாம் ஏழு பேர்தானே?" ஒரு பையன் படுக்கையின் மேல் ஏறி நிற்கும் சத்தம். மார்கரெட், "ஏழுதான், ஏழுதான்," என்று ஜபித்தார். இருட்டில் ரவி என் பக்கமாக நடந்து வந்தான், தடுக்கித் தடுக்கி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு. அந்தக் கை என் முகத்தில் பட்டது. நெற்றி, மூக்கு, கன்னம் என்று தேடியது.

"நான்தான் ரவி," என்றேன். "சித்ரா. நான்தான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

கையை எடுத்துவிட்டான். அங்கேயே தரையில் உட்கார்ந்தது கேட்டது. அங்கிருந்தே பேசினான்.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஓம் சொல்லக் கூடாது. ஊரிலை குண்டு விழேக்கை பங்கருக்குள்ளை இறங்கினவுடனை பேர் கூப்பிடுறது எதுக்கு? ஆர் இன்னும் மேலை நிக்கினம் எண்டு தெரியத்தான். எங்கடை பக்கத்து வளவிலை ஒரு பொடிச்சி தங்கச்சிக்காரிக்கும் சேர்த்து ஓம் எண்டிட்டாள். வந்துகொண்டிருக்கிறாள்தானே எண்டு. ஒருத்தரும் மேலை போய்ப் பாக்கேல்லை."

நான் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னேன். கலா யார், படகு கிளம்பி எத்தனை நாள் ஆயிற்று, மூன்று தட்டு எதற்கு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முடித்ததும் கென் எழுந்தார்.

"கதவைத் திற."

"சோதனை முடிந்துவிடும், கென்," என்றார் மார்கரெட்.

"அந்தப் பெண் கரை சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் இனி ஒரு பிஸ்கட் தின்னமாட்டேன். உனக்கு வேண்டுமானால் அதைச் சீட்டில் எழுதிக்கொள்."

மார்கரெட்டும் கென்னும் சேர்ந்துதான் கதவுச் சக்கரத்தைச் சுற்றினார்கள்.

வெளியே கண்ணைக் குத்தும் வெயில். ஞாயிறு இரவு என்று நான் எண்ணியிருந்தேன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மார்கரெட்டின் கணவர் காவலாளி அறையில் ஜெனரேட்டர் புத்தகத்தை விரித்துவைத்து விழித்துக்கொண்டிருந்தார். இல்லை, போன் எதுவும் வரவில்லை. கதவை ஒரு முறையும் தட்டவில்லை.

ரவி வீட்டுக்கு டயல் செய்தான். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் யாரும் தொடக்கூடாத அந்தப் போன் கால் மணி நேரம் எங்கேஜ்டாக இருந்தது. ஏழு பேரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றோம். கென் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார், அது பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிடைத்தது. ஜெயந்தி அக்காவின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "தம்பி, அவள் வந்திட்டாளாம்! வவுனியாவிலையிருந்து ஒரு அண்ணை இப்பத்தான் எடுத்தவர். அதே வள்ளத்திலை வந்தவராம்!"

நான் மொழிபெயர்த்தேன். பையன்கள் கத்தினார்கள். கென் மார்கரெட்டைக் கட்டிக்கொண்டார். ரவி மட்டும் அசையவில்லை.

"அவர் கலாவைக் கண்டவரோ?"

"இருட்டெல்லோடா. கரையிலை இறங்கினவுடனை பேர் கூப்பிட்டவையாம். கலா எண்டு கூப்பிட, ஓம் எண்டு ஒரு பிள்ளை சொன்னதைத் தன்ரை காதாலை கேட்டவராம்."

ரவி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மொழிபெயர்க்கவில்லை. கென் எனக்குப் பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஒராள் குறைஞ்சா எல்லாரையும் கரையிலை மறிச்சு வைப்பினம். அதுக்காண்டி ஆரும் சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல மனிசி சொல்லியிருக்கலாம்." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறக்கும் வேலையை அவனே செய்தான்.

வீட்டில் அக்கா ரவையும் முந்திரியும் வறுத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க நெய் வாசனை. அக்காவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கேசரியை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். போன் செய்த மனிதர் கடையின் எண்ணைக் கொடுத்திருந்தார். கடைக்காரர், கரை சேர்ந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய், கலா என்று பெயர் கொடுத்த பிள்ளையை நாளைக்குக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். கலா என்று பெயர் கொடுத்த பிள்ளையை. அக்காவுக்கு அந்த வார்த்தைகளில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

மொட்டையாக ரவி சொன்னான், "அக்கா, நாளைக்கு முதல்லை சித்ரா கதைக்கட்டும். லைன் தெளிவில்லாமல் கிடக்கும். அவவுக்குக் காது நல்லம்."

"நானா?" என்றேன், பின்கட்டில் தனியாக. "நான் அவ குரலைக் கேட்டதே இல்லையே!"

"அதாலைதான். எனக்கு ஆர் ஓம் எண்டாலும் கலா மாதிரித்தான் கேக்கும். நீர் சொன்னதே அப்பிடித்தானே கேட்டது. இரக்கப்பட்டு அங்கை ஆரும் கதைச்சாலும் நான் நம்பிப்போடுவன்."

பிறகு ஒரு ரகசியம் சொன்னான். ஊரைவிட்டு அவன் கிளம்பிய அன்று கலா அவனுடைய பெட்டிக்குள் அம்மிக் குழவியை உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். விளையாட்டுக்கு. ஐரோப்பாவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து, அந்தக் கல்லை மேசையில் வைத்துவிட்டு இவனைப் பார்த்தார்களாம். அவமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கும் தெரியாது. அவளும் அவனும் மட்டும் அறிந்தது; இப்போது நானும்.

நாளைக் காலை ஏழு மணி. வவுனியாவில் அப்போது பதினொன்றரை. மார்கரெட்டும் கென்னும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவர்களுக்குக் கேசரி எடுத்துவைத்திருக்கிறார். நான் பெயரைக் கேட்கமாட்டேன். "அண்ணை வெளிக்கிடேக்கை பெட்டிக்குள்ளை என்ன வைச்சனீர்?" என்று மட்டும் கேட்பேன். இருபது முறையாவது சொல்லிப் பார்த்துவிட்டேன். பதிலை நான் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தாலும், நான் வாயைத் திறக்கக் கூடாது.